விடுபட்ட மதிப்புகள்

தோண்டுவதற்கு முன்
தரவைக் கழுவ வேண்டும்.
பெயர்கள் உதிர்ந்து
அட்டை எண்களாக வந்திருக்கிறது
சிவப்புப் பாதையின் ஒரு மாதம்.

கொத்துக் கொத்தாய்ப் பிரித்தேன்.
பள்ளிக்கூடம், கப்பல் பட்டறை, இரவுக் காவல்,
தாமாகவே ஒதுங்கிக்கொண்டார்கள்.
எதிலும் ஒட்டாமல் 4471.
மாலை ஆறேகால் வாக்கில் நொவீனாவில் இறங்கும்.
எட்டுக்கு மேல் திரும்பும்.
பார்வையாளர் நேரம் எட்டு வரைதான்.

"இரைச்சல். நீக்கிடேன்," என்றாள் ஹுவீ ஷான்
பிஸ்கட்டை மென்றபடி.

பத்தொன்பதாம் தேதியிலிருந்து
வெறும் கட்டங்கள்.
குணமாகி வீடு திரும்பியாயிற்றா,
இல்லை...
அதற்கு நெடுவரிசை இல்லை.

விடுபட்டதைச்
சராசரியால் நிரப்பலாம்
என்கிறது விதி.
நிரப்பினேன்.

இப்போது
மாதக் கடைசி வரை
ஒரு நாள் தவறாமல்
ஆறு பதினேழுக்கு
நொவீனாவில் இறங்குகிறது 4471,
யாரையோ பார்க்க.