பெயரடை

யார்க்‌ஷயரின் மேற்குப் பள்ளத்தாக்கில்
ஆலைப் புகையும் மூடுபனியும்
ஒரே போர்வைக்குச் சண்டையிடும் நவம்பர்.
ஈனக் பாரக்ளஃப், கம்பளி ஆலைக் கணக்கர்,
ஞாயிற்றுக்கிழமைகளில் சொல் பொறுக்குபவர்.
தொலைவில் எங்கோ தயாராகும் ஓர் அகராதிக்கு
சொல்லுக்கு ஒரு சீட்டு.
கூலி கிடையாது. தபால் தலையும் சொந்தக் காசு.

இந்த வாரத்துச் சொல்: ஸேட்.
மூன்றெழுத்து.
பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் பொருள் தெரியும், துயரம் மிகுந்த.
அதையே எழுதி அனுப்பிவிட்டு
அடுப்பருகே காலை நீட்டியிருக்கலாம்.
போனார்.

ரொட்டிக்காரி கெசையா ஹோய்ல்
கதவைத் திறந்ததும் ஒரு தட்டை நீட்டினாள்.
"ஈஸ்ட் காலை வாரிடுச்சு. ரொட்டி ஸேட் ஆயிடுச்சு, பாருங்க."
பொங்கவில்லை. நடுவில் ஈரம்.
விரலால் தட்டினால் பதில் இல்லை.
பெயரடை என்பது நம் இலக்கணம் வைத்த பெயர்;
அங்கே அது நிஜமாகவே அடை,
தட்டையாக, கனமாக, கொஞ்சம் கரிந்து.

சலவைக்காரி காட்டியது தேய்ப்புப் பெட்டி.
பெட்டி என்றா சொன்னேன்? உள்ளே கூடில்லை,
கங்கு போட வாயில்லை.
அடிமுதல் நுனிவரை ஒரே இரும்பு.
அதற்கும் அதே பெயரடை.
"அது யாருக்காகவும் அழுறதில்ல ஐயா,
காலில் விழுந்தா நாமதான் அழணும்."

சாயப்பட்டறையில் ஜேபஸ் சட்க்ளிஃப்,
முழங்கைவரை நீலம்.
இரும்பு உப்பை ஒரு பிடி அள்ளித் தொட்டியில் வீசினார்.
துள்ளிக்கொண்டிருந்த சிவப்பு
அடங்கி, இருண்டு, வயதாகி வந்தது.
"இதுதான். ஸேட் ஆக்குறோம்."
"சாயத்துக்கு என்ன துக்கம்?"
"துக்கமா? அதெல்லாம் இல்ல.
இனி வெளுக்காது, அவ்வளவுதான்."

தேவாலயப் பெட்டியில் பூச்சி தின்ற உயில் ஒன்று.
எழுதிக்கொடுத்த விவசாயி,
தன் நிலத்தைப் பார்த்துக்கொள்ள
ஸேட் ஆன இரண்டு ஆட்களை நியமிக்கிறார்.
அழுமூஞ்சிகளை அல்ல.
நிதானமானவர்களை, சொன்னால் சொன்னபடி நிற்பவர்களை.
அந்தக் காலத்தில் ஒருவனை அப்படி அழைத்தால்
தொப்பியைக் கழற்றி நன்றி சொல்லியிருப்பான்.

இதற்கெல்லாம் முன்னால், அடிமண்ணில்,
இன்னொரு பொருள் உண்டென்று படித்திருந்தார்:
வயிறு நிறைந்த.
உண்டு முடித்து, இனி வேண்டாம் என்று
கை கழுவப்போகிறவனின் சொல்.
அதைப் பேசும் உயிருள்ள வாய் ஒன்று
அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.
சீட்டில் அந்த வரி காலி.

புதன்கிழமை
ஜேபஸ் தொட்டிக்குள் வழுக்கினார்.
கொதித்துக்கொண்டிருந்தது என்று மட்டும் சொன்னார்கள்.
சவப்பெட்டியை யாரையும் திறக்கவிடவில்லை.

அடக்கம் முடிந்த வீட்டில்
பன்றித் தொடையும் தேநீரும் முறைப்படி வந்தன.
கணக்கருக்கு எதிரே ஜேபஸின் மனைவி டேமார்.
அந்தக் கறுப்பு உடை இரவல், தோள் பெரிது.
மூன்று நாளாக அவள் எதுவும் சாப்பிடவில்லை என்று
பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள்.
அண்ணி இன்னொரு துண்டை வைக்கப்போனாள்.
டேமார் தட்டைத் தள்ளினாள்.
"வேணாம். நான் ஸேட்."

மேசைக்கடியில் அவர் கை தானாகச் சீட்டைத் தேடியது.
பென்சில் முனை நாக்கில் பட்டது.
நாள், ஊர், சொன்னவர் பெயர் எழுதியாயிற்று.
பொருள்?
முதலாவதா, கடைசியா?
எந்த வரியில் இவளை நிறுத்துவது?
கேட்டால் சொல்லியிருப்பாள்.
கேட்க வாய் வரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே கொடியில்
யாரும் எடுக்க மறந்த ஜேபஸின் சட்டை,
மழையை முழுக்கக் குடித்து
அசையாமல் தொங்கியது.

அன்று கெசையா கொண்டுவந்த ரொட்டி
குல்லாய் போலப் பொங்கியிருந்தது.
கத்தியைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.
யாரும் வெட்டவில்லை.