எவ்வளவு உப்பும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை
பதினான்கு கொண்டை ஊசி.
ஒன்றுகூட என் தலையில் நின்றதில்லை.

முதல் கடையில் நனைத்து, இழுத்து வெட்டினார்கள்.
காய்ந்ததும் காதுக்கு மேல் ஏறிக்கொண்டது.
அடுத்த கடையில் நேராக்கினார்கள்,
மூவாயிரத்து ஐந்நூறு.
பெட்ஃபோர்டு தாண்டுவதற்குள்
மூடுபனி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

கோத்தகிரியில், வர்க்கி அடுப்புக்கு மேல்மாடி.
ஜெசிந்தா தண்ணீர் பாட்டிலைத் தொடவில்லை.
சீப்பையும்.
ஒரு சுருளைப் பிடித்து
மெல்ல இழுத்து
விட்டாள்.
துள்ளி எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தாள்.
பிறகு அதன் பக்கத்துச் சுருள்.
இது சோம்பேறி. இது கோபக்காரி.
பிடரியில் இருக்கிறவள் யார் பேச்சும் கேட்கமாட்டாள்,
அவளைக் கடைசியில் பார்த்துக்கலாம்.

"ஜூலை மழைக்கு எவ்வளவு உப்பும்?"

முப்பத்தாறு வயதில் முதல்முறையாக
ஒருத்தி கேட்கிறாள்.
இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்,
பலாப்பழம் விலை பேசுகிறவள்போல்.
அவள் சிரிக்கவில்லை.
"சரி, அதுக்கும் இடம் விட்டு வெட்டறேன்."

மடியில் விரித்த துணியில்
நாலைந்து 'இ', ஒரு 'ஞ',
பாதியில் நின்ற 'ஐ'.
என் கையெழுத்து இவ்வளவு நன்றாக
இருந்ததே இல்லை.

முக்காடில்லாமல் பஸ் ஏறினேன்.
கட்டபெட்டு வளைவில்
பின்சீட்டுக்காரர் தோளைத் தட்டினார்:
"அம்மா, ரோடு தெரியலை."