குப்புறப் பேசும் பெட்டி

போன நவம்பர் வெள்ளத்தில்
ஸ்டுடியோவின் பெரிய ஸ்பீக்கர் இரண்டும் முங்கின.
வெயிலில் காயவைத்துப் போட்டுப் பார்த்தேன்.
வண்டல்தான் பேசியது.
லாரன்ஸ் ரோட்டு மாடி அறையில்
இனி இந்த லேப்டாப்தான்.
இதற்கு ஸ்பீக்கர் வயிற்றுப் பக்கம்;
குப்புறப் படுத்துக்கொண்டு
கேட்டதற்குப் பதில் சொல்லும் ஆள் மாதிரி.

காலை பத்துக்கு இரண்டு வீட்டாரும் வருகிறார்கள்
படம் பார்க்க.
சில்வர் பீச்சில் எடுத்தது.
சிந்துஜா, தணிகைவேல்,
வாடகைக்கு ஒரு மஞ்சள் குடை.

மெத்தையில் வைத்து ஓடவிட்டால்
கடல் அப்பளம் பொரிக்கிறது.
பொரியலுக்கு அடியில்,
சட்டை மைக்கை மறந்துபோன மாப்பிள்ளை:
"உனக்குச் சம்மதம்தானே?
வீட்ல சொன்னாங்கன்னு இல்லியே?"
உடனே ஓர் அலை.
அலைக்குள் அவள் ஏதோ சொல்கிறாள்.
ஒரு வார்த்தையோ, இரண்டோ.

ஹெட்போனை ரிச்சர்டு
நெல்லிக்குப்பம் மண்டபத்துக்கு எடுத்துப் போய்விட்டான்.
எனக்கென்ன, காசு வாங்கினால் சரி
என்று படுத்திருக்கலாம்.
படுக்கவில்லை.

முதலில் மெத்தையிலிருந்து மேசைக்கு.
பலகையில் பட்டுத் திரும்பியதும்
குரலுக்கு எலும்பு வந்தது.
பின்பக்கம் இரண்டு சிடி டப்பா முட்டுக்கொடுத்தேன்,
சுவர் மூலைக்குத் தள்ளினேன்,
கொஞ்சம் சதையும் வந்தது.
பழைய டூத் பிரஷ்ஷால் ஓட்டைகளைத் தேய்க்க
ஒரு வருஷத்து மிக்சர் தூள் உதிர்ந்தது,
யாருடையதோ ஜிகினாவும்.

பேஸை ஏற்றினேன். தப்பு.
கட்டைவிரல் அகல ஸ்பீக்கரிடம்
பறைச் சத்தம் கேட்டால் என்ன செய்யும்,
சாவிகள் எல்லாம் கிடுகிடுத்தன.
இறக்கினேன். இன்னும் இறக்கினேன்.
சத்தத்தைத் தானே அழகாக்குவதாகச் சொல்லும்
அந்த ஒரு டிக்கையும் எடுத்துவிட்டேன்;
அதுதான் இத்தனை நாளும் எல்லோரையும்
கிணற்றுக்குள் நிற்கவைத்துப் பேசவிட்டது.
வால்யூம் நூறிலிருந்து எண்பதுக்கு.
கத்துகிறவனை உட்காரவைத்ததும்
சொல்வது புரியுமே, அப்படி.
நடுவில் இருக்கும் இரண்டு கோட்டை மட்டும்
நகத்தால் தள்ளுவது போல மேலே.

இரண்டே முக்காலுக்கு
அலை ஒதுங்கி வழிவிட்டது.
அவள் குரல், சுத்தமாக:
"ஐயோ, என் செருப்பு!"

சிரித்தேன். கீழே நாய் குரைத்தது.
பிறகு சிரிப்பு நின்றது.
அதற்கு அப்புறம் ஏழு நிமிஷம் ஓட்டிப் பார்த்தேன்.
அவன் மறுபடி கேட்கவே இல்லை.
அவளும் சொல்லவில்லை.
வெறுங்காலோடு நடக்கிறாள்,
நான் அதைக் காதல் என்று நினைத்து
அந்தப் பாதங்களுக்கு
ஸ்லோ மோஷன் போட்டு வைத்திருக்கிறேன்.

காலையில் ஆறு பேர்.
வாசலில் ஆறு ஜோடி,
ஒன்றின் குதிகாலில் விலைச் சீட்டு உரிக்கப்படவில்லை.
மேசை மூலையில் கடல் நன்றாகவே இருந்தது.
"தியேட்டர் மாதிரி இருக்கே" என்றார் பெண்ணின் மாமா,
டீயை ஊதிக்கொண்டே.
வெட்டி எடுத்திருக்கலாம் அந்த இடத்தை.
எடுக்க மனசு வரவில்லை;
ராத்திரி முழுக்கத் தேடி எடுத்ததாயிற்றே.

மஞ்சள் குடை விரிந்தது.
அவன் வாய் திறப்பதற்கு முன்னால்
சிந்துஜா எழுந்தாள்.
"மேசை ஆடுதுண்ணே" என்று
லேப்டாப்பைத் தூக்கி
மெத்தை நடுவில் வைத்தாள்.
மேசை ஆடவில்லை.

அப்பளம் பொரிந்தது.
"என்னப்பா, சவுண்டு போச்சு?"
"லேப்டாப் ஸ்பீக்கர்தானே சார், அவ்வளவுதான் வரும்."
தணிகைவேல் திரையைப் பார்க்கவில்லை,
அவளைப் பார்த்தான்.
அவள் மெத்தை உறையில்
ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

பாதங்கள் வந்தன. ஈர மணல், நுரை, மெதுவாக.
மாப்பிள்ளையின் அம்மா முன்னால் குனிந்தார்.
"இது நல்லா இருக்கு தம்பி.
இதைக் கொஞ்சம் நீட்டிப் போடுங்க."