இருபது நிமிடம்

கிளிநொச்சி, பெண்கள் விடுதி, இரவுக் கடமை.
என் பயிற்சிப் பதிவேட்டில் மூன்று கட்டங்கள் வெறுமை:
கனுலா இரண்டு, கதீற்றர் ஒன்று.
வெள்ளிக்கிழமை வவுனியாவுக்குத் திரும்ப வேணும்.
ஆறு கிழமையாய் நான் பழகியது
விரிப்பின் மூலையைச் சரியாக மடிப்பதும்
சானுஜாவுக்கு முன் ட்ரொலியைத் தொடுவதும்தான்.
முதலாவதில் தேறினேன்.
சானுஜாவைக் கண்டால்
ஒளித்திருக்கிற நரம்பும் எழும்பி வரும்.

ஒன்பதரைக்கு வாசலில் லாண்ட்மாஸ்டர் இரைந்தது.
அக்கராயனிலிருந்து யோகமலர், வயது ஐம்பத்திரண்டு,
பொழுதுபடுகிற நேரம் வரம்பில் புல்லுச் செருக்கினவ.
பின்னால் புருசன், கையில் ஒரு மா ரின்,
மூடிக்கு மேல் கல்.
'புடையன்' என்றார்.
ஒருவரும் திறந்து காட்டச் சொல்லவில்லை.

காலைக் கழுவும்போது
கணுக்காலுக்கு மேல் பெரிய தழும்பில் என் கை நின்றது.
'அது பாம்பில்லைப் பிள்ளை. அது பழசு.'
எந்த வருசம் என்று நான் கேட்கவில்லை.
நானும் இங்கே பிறந்தவள்தான்.

கனுலாத் தட்டை நான் எடுக்கத் திரும்ப
சானுஜா கையுறையே போட்டுவிட்டாள்.
எனக்குக் கிடைத்தது
இரண்டு மில்லி இரத்தமும் ஒரு கண்ணாடிக் குழாயும்.
'இருபது நிமிடம்' என்றா மிஸ்.
'ஆட்டாதே. சரிக்காதே. போன் பாக்காதே.'
அதற்குப் பதிவேட்டில் கட்டமே இல்லை.

உறைந்தால் நல்லது, உறையாவிட்டால் விசம்.
சோதனையில் இந்த வரிக்கு இரண்டு புள்ளி.
நான் வாங்கியிருக்கிறேன்.

முதல் ஐந்து நிமிடமும் கோபத்தில் போயிற்று.
ஆறாவதில்தான் குழாயைப் பார்க்கத் தொடங்கினேன்:
விளிம்பில் மெல்லிய வளையம்,
அதற்குள்ளே கோணலாய் ஒரு ரியூப் லைற்.

'என்னத்துக்குப் பிள்ளை காவல் இருக்கிறீர்?'
'உங்கடை இரத்தத்துக்கு, அம்மா.'
'ஓடிப் போயிடுமோ?'
மேசை ஆடாமல் சிரிக்க
எந்த விரிவுரையிலும் சொல்லித் தரவில்லை.
அவவும் சிரித்தா.
அப்போதுதான் கண்டேன்,
கீழ்வரிசைப் பல்லின் முரசோரம் ஒரு சிவப்புக் கோடு.

'வெத்திலை போட்டனீங்களோ?'
'எனக்கு அந்தப் பழக்கமில்லை.'

பதினொராவது நிமிடம்.
குழாயை விட்டு எழும்பாமல்
மிஸ்ஸைக் கூப்பிட்டேன்.
என் குரலை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

இருபதில் சரித்தேன்.
இரத்தம் தண்ணி மாதிரி
குழாயின் வாய்வரை ஓடி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிற்று.

பிறகு எல்லாரும் ஓடினார்கள்.
விசமுறிவுக் குப்பியைக் குலுக்கக் கூடாது, நுரைக்கும்.
உள்ளங்கைகளுக்குள் உருட்டி உருட்டிக் கரைத்தோம்
சானுஜாவும் நானும்,
கொழுக்கட்டைக்கு இருந்தவர்கள் போல, பேச்சில்லாமல்.
மருந்து ஏறத் தொடங்கிக் கொஞ்சத்தில்
யோகமலருக்கு நடுக்கம் கண்டது.
டொக்டர் ஊசியோடு பக்கத்திலேயே நின்றார்.
நான் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அதற்கும் கட்டமில்லை.

விடியப்புறம் நாலு மணிக்கு இன்னொரு குழாய்.
இம்முறை ஒருவரும் சொல்லவில்லை,
நானே கதிரையை இழுத்துப் போட்டேன்.
சானுஜா வந்து,
'மூன்றாம் கட்டிலுக்கு கனுலா மாத்த வேணுமாம், நீ போடு.
இதை நான் பாக்கிறன்' என்றாள்.
கட்டம் ஒன்று வலிய வந்து நின்றது.
'நீ போ' என்றேன்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை,
எனக்கும் சொல்லத் தெரிந்திராது.
யோகமலர் வாயைத் திறந்து உறங்கினா.
முரசை மட்டும் டோர்ச் அடித்துப் பார்த்தேன்.

நாலு இருபது. சரித்தேன்.
அசையவில்லை.
இன்னும் கொஞ்சம் சரித்தேன்.
அசையவில்லை.

வெளியே வாங்கில் புருசன் குந்தியிருந்தார்.
சொன்னேன். தலையாட்டினார், எழும்பவில்லை.
அவருடைய காலுக்குப் பக்கத்தில் மா ரின்,
கல்லும் அப்படியே.
இராத்திரி முழுக்க
இதை நாங்கள் எல்லாரும் மறந்துபோனோம்.

'செத்ததுதானே, ஐயா?'

'அடிச்சனான்' என்றார்.
கொஞ்சம் யோசித்தார்.
'ஆனா, திறந்து பாக்கேல்லை.'