அதே உப்பு

ரூவி ஹை ஸ்ட்ரீட்டில்
செருப்புக்கடைக்கும் பணம் அனுப்பும் கடைக்கும் நடுவே
மருந்துக்கடை.
பிஜு இருந்த இடத்தில் இப்போது ரய்யா.

கேட்காமலே எடுத்து வைப்பான் பிஜு:
மஞ்சள் பெட்டி, எழுபத்தைந்து மைக்ரோகிராம்.
ரய்யா கார்டைத் தேய்த்துத் திரையைப் பார்த்து
பாதி இந்தியில் சொல்கிறாள்:
"மிஸ்டர் சங்கருக்கு இதை இனி இன்சூரன்ஸ் தராது.
வெள்ளைப் பெட்டி தரும்."

நான்தான் மிஸ்டர் சங்கர்.
சங்கரவடிவு என்ற பேரில்
கார்டின் கட்டத்துக்குள் அடங்கியது அவ்வளவுதான்.
வடிவு வெளியே நிற்கிறது.

மஞ்சள் என்றால் என் கையிலிருந்து
நாலு ரியால் எண்ணூறு பைசா.
வெள்ளைக்கு முந்நூறு பைசா.
"அதே சால்ட்" என்று
இரண்டையும் கண்ணாடிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறாள்.
பொருத்தம் பார்ப்பதுபோல் குனிகிறேன்.
லெவோதைராக்ஸின். லெவோதைராக்ஸின்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமே,
இட்டது யார் என்று திருப்பிப் பார்த்தேன்:
ஒன்று ஐரோப்பா. ஒன்று ஹைதராபாத்.
இரண்டுக்கும் விசா கிடைத்திருக்கிறது.

ஒன்பது வருஷம்.
விடிகாலை பாங்கு ஓயும்போது எழுந்து
வெறும் வயிற்றில் அதை விழுங்கிவிட்டு
ஒரு மணி நேரம் டீத்தூள் டப்பாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.
கல்யாணமான புதிதில்கூட
யாருக்கும் இப்படிக் காத்திருந்ததில்லை.

அதற்கு முன்னால் இருந்தவளை எனக்குத் தெரியும்.
ஜூலை மாத மஸ்கட்டில் ஸ்வெட்டர் போட்டவள்.
லிஃப்டுக்குள் ஏறி
எந்த மாடி என்று மறந்து நின்றவள்.
சீப்பில் கொத்துக் கொத்தாய்த் தலையை இழந்தவள்.
அவள் திரும்பி வந்துவிடுவாளோ என்பதுதான்,
நாலு ரியாலில்லை.

"ஊரிலிருந்து பாட்டில் வரவழை" என்கிறாள்
அறையில் கூட இருக்கும் பிலோமினா.
போன வருஷம் அப்படி வந்த நூறு மாத்திரை
ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க
அவள் தம்பி காரின் டேஷ்போர்டில் வெந்தது.
மருந்துக்கு வெயில் ஆகாதாம்.
நமக்கு ஆகும் போலிருக்கிறது.

நான் அல் குவைரில் சம்பளக் கணக்கு எழுதுகிறவள்.
மாதாமாதம் இருபத்திமூன்றாம் தேதி
சர்வேயர் என்ற ஒரே வேலைக்கு மூன்று வரி நிரப்புவேன்.
ஒரே வெயிலில் ஒரே முக்காலியை ஊன்றி
ஒரே மண்ணை அளக்கிறவர்கள்.
கருஞ்சிவப்புப் பாஸ்போர்ட்டுக்கு ஆயிரத்து நானூறு.
பச்சைக்கு அறுநூற்று ஐம்பது.
நீலத்துக்கு, அதாவது மாடக்கண்ணுக்கு, இருநூற்று எண்பது.
மண் மூன்று பேருக்கும் ஒரே அளவுதான் காட்டுகிறது.
அடித்ததும் நான். சேமித்ததும் நான்.

அதனால் வெள்ளைப் பெட்டியின் முகத்தைப் பார்க்கக்
கொஞ்சம் கூச்சமாக இருந்தது.
உன்னை நம்பமாட்டேன் என்று சொல்ல
எனக்கு எந்த வாய்?

ஆனால் நியாயம் வேறு, தொண்டை வேறு.
அது பாஸ்போர்ட் பார்ப்பதில்லை,
பரிதாபமும் பார்ப்பதில்லை.
ஒரு துளி கூடினால் இரவெல்லாம் படபடப்பு,
ஒரு துளி குறைந்தால் பழையவள்.

ரய்யா அவசரப்படவில்லை.
"எதுவானாலும் ஒன்றையே போடு.
இந்த மாதம் இது, அடுத்த மாதம் அது என்று மாற்றாதே.
டாக்டரிடம் சொல். ஆறு வாரம் கழித்து ரத்தம் கொடு.
எண் நகர்ந்திருந்தால் அவர் அளவை மாற்றுவார்.
அதுவரை பெட்டியைத் திட்டாதே."

பிஜு இத்தனை பேசியதில்லை.
பழைய ஆள் போய்ப் புதிதாய் உட்கார்ந்தவளை நம்பலாமா என்று
இவ்வளவு நேரமும் நான்
அவளையும் சேர்த்துத்தான் எடைபோட்டிருக்கிறேன்.
முந்நூறு பைசாவை எண்ணி வைத்தேன்.

இன்று முதல் நாள்.
ஒரு மணி நேரம் கழித்து டீ.
தலை வாரினேன்.
சீப்பில் பதினோரு முடி.
நேற்று எத்தனை என்று எண்ணி வைக்கவில்லை.