ஐந்தாம் துண்டு

பீல் நகரில் ஒரு பலகைக்கு இரண்டு மொழி வேண்டும்.
சுபோதினியின் கடைக்கு மூன்று.
மேலே ஜெர்மன், அதனடியில் பிரெஞ்சு,
இரண்டுக்கும் கீழே, கொஞ்சம் பெரிதாக,
'தையல்' என்று போடச் சொன்னாள்.
பெரிதாக என்பதை இரண்டு தரம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை. பத்து மில்லிமீட்டர் அக்ரிலிக், கடும் நீலம்.
ஆறு மில்லிமீட்டர் முனை, நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்று.
ஜெர்மன் எழுத்துகளின் உள்மூலைக்குள்
உருண்ட முனை போகாது, வளைத்து விட்டுவிடும்.
பிறகு நான் அரத்தோடு போய்
ஒவ்வொரு மூலையாகச் சமாதானம் செய்ய வேண்டும்.
'ய'வில் அந்த வேலை இல்லை.
'ல'வின் சுழிக்குள் முனை போய்த் திரும்பி வந்தது
வீடு தெரிந்த பூனை மாதிரி.
காதுக்கவசத்துக்குள் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.
அந்த நேரத்தில்தான் அது போயிருக்க வேண்டும்.

திங்கள் காலை. கீழ்த்தெருவில் பீஸ் காற்று, ஏணி,
சுவரில் நாடாவால் ஒட்டிய அளவுத்தாள்.
ரேத்தோ நீர்மட்டம் பார்த்தான், துளையிட்டான், தூசியை ஊதினான்.
அவனுக்குத் தமிழ் தெரியாது, தேவையுமில்லை:
தாளில் ஒவ்வொரு உருவத்துக்குள்ளும் எண் இருக்கிறது.
ஒன்று, ஐகாரத்தின் கொம்பு. இரண்டு. மூன்று. நான்கு.
"ஐந்தைக் காணோம்" என்றான் ஏணியிலிருந்து.

பெட்டியைக் கவிழ்த்தோம். நுரைத்தாளை உதறினோம்.
வேனின் இருக்கைக்குக் கீழே
போன வருடத்து சாக்லேட் உறை ஒன்று.

"சின்ன வட்டம்தானே, இல்லாமல் முடியாதா?"
"அது இல்லாவிட்டால் கடைசி எழுத்து வாயை மூடாது."
"மூடாவிட்டால்?"
"தையல என்று திறந்தே நிற்கும்.
இந்தக் குளிரில், கதவு சாத்தாத கடை மாதிரி."

அவன் நிமிர்ந்து ஜெர்மன் வரியைப் பார்த்தான்.
முதல் எழுத்து தலையில் இரண்டு புள்ளிகளோடு
ஒரு குறையுமில்லாமல் இருந்தது.
நானும் பார்த்தேன்.

அந்த இரண்டுக்கும் பிடிப்பு வைத்திருந்தேன்:
வெட்டி முடியும்வரை தகட்டை விட்டுப் போகாதபடி
மெல்லிய பாலங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று.
ஒரு புள்ளி தவறினால் தொலைபேசியில்
என்ன குரல் கேட்கும் என்று
பத்தொன்பது வருடமாகத் தெரியும்.
ஐந்துக்கு வைக்கவில்லை.
வெள்ளி மாலை எண்ணிப் பார்க்கவுமில்லை.
மறந்துவிட்டேன் என்றுதான் ரேத்தோவிடம் சொன்னேன்.

அவள் வர நாற்பது நிமிடம்.
ரேத்தோ சட்டைப்பையைத் துழாவினான்.
பல்மருத்துவர் பலகைக்கு வாங்கி மிஞ்சிய
எஃகு மூடி ஒன்று, திருகின் தலையை மறைப்பது.
இருபத்திரண்டு மில்லிமீட்டர். என் புள்ளி இருபத்துநான்கு.
தாளிலிருந்த வட்டத்தின் மேல் வைத்து,
ஒரு கண்ணை மூடிப் பார்த்து,
என்னைக் கேட்காமலே துளையிட்டான்.

சுபோதினி கோட்டுப் பைக்குள் கைகளோடு வந்தாள்.
ஜெர்மனை உதடசைத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள்,
பிரெஞ்சையும்.
தமிழைச் சும்மா பார்த்தாள்.
"புள்ளி மட்டும் வெள்ளியோ?"
"ஓம்."
"வேணுமெண்டு செய்ததோ?"
மொழி புரியாத ரேத்தோ
கேள்வி புரிந்தவனாக ஏணியை மடக்கத் தொடங்கினான்.
"ஓம்" என்றேன்.
"அதுக்குத் தனிக் காசோ?"
"இல்லை."
தெருவின் மறுபக்கம் போய் நின்று
இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்
விளக்கைப் போட்டாள்.

வியாழன் தூசிப் பையைக் கொட்டியபோது
நீலத் தூளுக்கும் மரச்சுருளுக்கும் நடுவே
ஐந்து கிடந்தது, ஒரு ஓரம் கடிபட்டு.
எறிய மனமில்லை.
கோப்பி குடிக்கும் மேசையின் ஒரு கால் எப்போதும் ஆடும்,
அதன் கீழே வைத்தேன்.
பத்து மில்லிமீட்டர் கொஞ்சம் கூடிப்போயிற்று.
இப்போது மேசை மறுபக்கம் ஆடுகிறது.