இரண்டு பக்கங்களுக்கு மிகாமல்

வியாழனுக்குள் எழுதித் தரவேண்டும்:
உங்கள் அணுகுமுறை எது?
இரண்டு பக்கங்களுக்கு மிகாமல்.

ரூவியில், லாண்டரிக்கு மேல்மாடியில்
மாலை வகுப்பு.
பகலெல்லாம் சரக்குக் கம்பெனி பில்களைக்
கூட்டிச் சரிபார்க்கும் கை என்னுடையது.

முதல் மாதம் குழந்தைப்பருவத்தை நம்பினேன்.
கணவர் கார்ச்சாவியைத் தொலைத்தாலும்
அவருடைய அம்மாவைப் பற்றி விசாரித்தேன்.
இரண்டாம் மாதம் எண்ணத்தைத் திருத்தினால் போதும் என்றிருந்தேன்.
இடப்பக்கம் நினைப்பு, வலப்பக்கம் ஆதாரம்.
கணக்குப் பார்ப்பவளுக்கு
பிடிக்காமல் போகுமா?

அப்புறம் மாசிலாமணி வந்தார்,
பயிற்சிக்கு எனக்குக் கிடைத்த முதல் ஆள்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்.
"மேலே ஏறிட்டா எறங்கப் பிடிக்கல மேடம்."

கேட்டே ஆகவேண்டிய கேள்வியைக் கேட்டேன்,
குரல் நடுங்காமல்.
"சேச்சே, சாக இல்லைங்க.
ரூம்ல எட்டுப் பேரு.
மேல ஒரே சீட்டு."

பேனா வலப்பக்கத்தில் நின்றது.
ஆதாரம்: ஒரே சீட்டு.
இதில் எதைத் திருத்த?

ஏசி உறுமி அடங்கியது.
கீழேயிருந்து இஸ்திரி வாசனை.
நான் பேசாமலிருந்தேன்.
உத்தியெல்லாம் இல்லை,
ஒன்றும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"அங்கேருந்து கடல் தெரியும்" என்றார்.
"என்ன நிறம்?"
வாய் தவறி வந்த கேள்வி.
அவர் முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்தார்.
"காலைல ஈயம். மத்தியானம் பாக்க முடியாது,
கண்ணு கூசும்."

புதன் இரவு.
முதல் பக்கத்தில் மூன்று பெரிய பெயர்கள்,
இரண்டை அடித்துவிட்டேன்.
மூன்றாவதன் மேல் பேனாவை வைத்தபடி
யோசித்துக்கொண்டிருக்கிறேன்:

சாயங்காலம் என்ன நிறம்?
கேட்க விட்டுப்போயிற்று.